பழைய சவரக்கத்தியில் முதல் சவரம்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய மடக்குச் சவரக்கத்தி கண்ணாடிபோல் மின்னியது. அதன் முதுகில் என் முகம் தெரிந்தது. உடனே சவரம் செய்யலாம் என்று விற்றவர் சொன்னதை நம்பி, முகத்தில் நுரை பூசிக்கொண்டு கன்னத்தில் வைத்து இழுத்தேன். முடி அறுபடவில்லை, பிடுங்குவதுபோல் வலித்தது. கை பழகவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அழுத்திய வேகத்தில், தாடை எலும்பு திரும்பும் இடத்தில், ஒரு விரல்கணு நீளத்துக்குத் தோல் கீறிவிட்டது. மூன்று வாரம் இப்படியே என் கையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, இந்தக் கத்திகளைப் பல ஆண்டுகளாகத் தீட்டிப் பழகிய ஒருவர் அதை உருப்பெருக்கிக் கண்ணாடியின் அடியில் பிடித்துக் காட்டினார். அறுக்கும் விளிம்பான வாய் நெடுகிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. நன்றாகத் தீட்டிய வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. அங்கே கோடு தெரிகிறது என்றால் இரண்டு பக்கச் சரிவுகளும் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை என்று பொருள். மூன்று வாரமாக நான் முகத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது மெருகேற்றிய இரும்புப் பட்டையைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களின் தோல்விகளில் பெரும்பகுதி கையின் தோல்வி அல்ல, கத்தியின் தோல்வி என்பதை அன்று புரிந்துகொண்டேன். பழைய கத்தியைத் தேர்ந்தெடுப்பது, அதற்குக் கூர் ஏற்றுவது, அதைக் கொண்டு சவரம் செய்வது ஆகிய மூன்றும் மூன்று தனித்தனி வேலைகள். மூன்றையும் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ள முயல்கிறவருக்கு, எது சரியாக நடக்கவில்லை என்று கண்டுபிடிக்கவே வழி இருக்காது. ஆகவே முதல் கத்தியை மட்டுமாவது தேர்ந்த ஒருவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கூரான கத்தி முகத்தில் எப்படி ஓடும் என்பதை ஒருமுறை உணர்ந்துவிட்டவர், பிற்பாடு தன் கையால் தீட்டும்போது எந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.

கத்தியின் உறுப்புகள்

இனி வரும் செய்திகளுக்குச் சில பெயர்கள் தேவை. தடித்த மேல்விளிம்பு முதுகு. அறுக்கும் விளிம்பு வாய். பிடியை ஒட்டிய அலகின் முனை குதி, எதிர்முனை நுனி. அலகுக்கும் பிடிக்கும் இடையில் விரல் வைக்கும் கட்டை போன்ற பகுதி கழுத்து. அதிலிருந்து வளைந்து நீளும் கம்பி வால். பிடி என்பது இரண்டு தகடுகளை ஆணியால் இணைத்தது; மடக்கும்போது அலகு அந்தத் தகடுகளுக்கு நடுவே உறங்கும். அலகின் அகலத்தை இன்றும் அங்குலத்தின் எட்டில் பங்காகவே சொல்கிறார்கள். 5/8 என்றால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். 6/8 என்றால் 19. தொடங்குகிறவருக்கு 5/8 அல்லது 6/8 பொருத்தமானது. அதைவிடக் குறுகியது நுரையைத் தாங்காது. அதைவிட அகலமானது மூக்கின் அடியில் திரும்பாது.

அலகின் குறுக்குவெட்டும் முக்கியம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்யப்பட்டவை பெரும்பாலும் ஆப்பு வடிவில் கனமாக இருக்கும். பிற்காலத்தில் இரு பக்கத்தையும் சக்கரத்தில் குழிவாகச் சீவி, வாயின் அருகே தாள்போல் மெல்லியதாக்கினார்கள். முழுக் குழிவுள்ள கத்தி முடியை அறுக்கும்போது மெல்ல ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டே கோணம் சரியா தவறா என்று பழகிக்கொள்ளலாம். ஆப்பு வடிவக் கத்தி அப்படிப் பேசாது. அதைத் தீட்டுவதும் கடினம். முதல் கத்தியாக அரைக் குழிவோ முழுக் குழிவோ உள்ள ஒன்றைத் தேடுவது நல்லது. நுனி கூர்முனையாக இல்லாமல் உருண்டையாக இருக்கட்டும். சதுர நுனி காது மடலையும் மூக்கின் ஓரத்தையும் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

எதை வாங்குவது

பழைய கத்தியைத் தேடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசர் 1903இல் விற்பனைக்கு வந்து வீடுகளைப் பிடிப்பதற்கு முன்பு, ஆண்களின் அன்றாடச் சவரம் இந்தக் கத்தியால்தான் நடந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட், ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகக் கொண்டவர்கள் செய்து குவித்தவற்றில் ஏராளமானவை இன்னும் இழுப்பறைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் கிடக்கின்றன. அவற்றின் எஃகு நூறாண்டு கடந்தும் கெடுவதில்லை. கெடுப்பது துருவும், சக்கரமும், தவறான தீட்டலும்தான்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். நிலையைப் பார்த்து வாங்குங்கள். புகழ்பெற்ற முத்திரை உள்ள தேய்ந்த கத்தியைவிட, பெயரே கேள்விப்படாத ஒரு சோலிங்கன் கத்தி நேரான வாயோடு கிடைத்தால் அதுவே மேல். காலத்தை அறிய விரும்புகிறவர்களுக்குக் கழுத்தில் ஒரு சிறு தடயம் இருக்கும். இறக்குமதிப் பொருள்களில் செய்த நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் கட்டாயப்படுத்தி, அது 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 'ஜெர்மனி' என்று மட்டும் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. இது ஆர்வத்துக்கான செய்திதான். சவரத்துக்கு வயது பொருட்டல்ல.

கத்தியைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தின் எதிரே வாயை நேராகப் பிடித்துப் பாருங்கள். நேர்கோடாகவோ சற்றே வெளிப்பக்கம் வளைந்தோ இருந்தால் நல்லது. நடுப்பகுதி உள்வாங்கி, கவிழ்ந்த உதடுபோல் இருந்தால் அதைச் சரிசெய்ய நிறைய எஃகை அரைத்துத் தள்ள வேண்டியிருக்கும், விட்டுவிடுங்கள். சிறு பல்வரிசைபோல் உடைந்த இடங்கள் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால் தீட்டலில் போய்விடும். மயிரிழை விரிசல் ஒன்று வாயிலிருந்து முதுகை நோக்கி ஏறியிருந்தால், எவ்வளவு அழகான கத்தியானாலும் அதன் வாழ்நாள் முடிந்துவிட்டது. முதுகை விரல்நகத்தால் மெல்லத் தட்டினால் நல்ல மெல்லிய அலகு தெளிவாக ஒலிக்கும். செத்த ஒலி எழுந்தால் விரிசலை இன்னொருமுறை தேடுங்கள்.

துருவில் இரண்டு வகை உண்டு. காலப்போக்கில் படியும் கருஞ்சாம்பல் நிறப் படலம் எந்தத் தீங்கும் செய்யாது. அதைச் சுரண்டத் தேவையே இல்லை. செம்மண் நிறத்தில் பொடியாக உதிரும் துருதான் எஃகைத் தின்பது. அது அலகின் நடுவில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாயை ஒட்டிக் குண்டூசித் துளைகளாக இறங்கியிருந்தால், தீட்டத் தீட்ட அந்தத் துளைகளே வாயாக வந்து நிற்கும். அத்தகைய வாய் பொரிந்துகொண்டே இருக்கும்.

பலரும் பார்க்கத் தவறுவது முதுகு. இந்தக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும். கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. முதுகின் தடிமன்தான் தீர்மானிக்கிறது. 16 மில்லிமீட்டர் அகலமும் 4.5 மில்லிமீட்டர் முதுகும் உள்ள கத்தியின் வாய்க்கோணம் ஏறத்தாழ 16 பாகை. சவரத்துக்கு அது நல்ல கோணம். யாரோ பல்லாண்டு முரட்டுத்தனமாகத் தேய்த்து முதுகை 3.5 மில்லிமீட்டராக்கியிருந்தால், அகலம் அப்படியே இருக்கும்பட்சத்தில் கோணம் 13 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய வாய் முதல் இழுப்பிலேயே மடங்கும். முதுகின் இரு பக்கமும் கல் பட்டுத் தட்டையான பட்டைகளை ஒப்பிடுங்கள்: ஒடுக்கமாகவும் சம அகலமாகவும் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் கத்தியை மதித்தவர். ஒரு பக்கம் நூல்போலவும் மறுபக்கம் நாடாபோலவும் இருந்தால், ஒன்று அலகு முறுக்கியிருக்கிறது, அல்லது அவர் கல் கோணலாக இருந்திருக்கிறது. நான் மெருகைக் கண்டு மயங்கிய அந்த முதல் கத்தியில் இந்தப் பட்டைகளே இல்லை. இயந்திரச் சக்கரம் அவற்றை வழித்தெடுத்திருந்தது. அளவுக்கு மீறி மின்னும் பழைய கத்தியைக் கண்டால் இன்றும் எனக்கு ஐயமே எழுகிறது, ஏனென்றால் சக்கரத்தின் சூட்டில் வாய்ப்பகுதி பதம் இழந்திருந்தால் அதை எந்தக் கல்லாலும் திருப்பித் தர முடியாது.

பிடிகளைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். ஆமையோடுபோலும் தந்தம்போலும் தோன்றும் பல பழைய பிடிகள் செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. அது எளிதில் தீப்பற்றும். முதுமையடைந்து சிதையும்போது அமில ஆவியை விட்டு, தான் அணைத்திருக்கும் அலகையே துருப்பிடிக்க வைக்கும். கழுத்தும் வாலும் சுத்தமாக இருந்து, பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி மட்டும் அரித்திருந்தால் அந்தப் பிடியைக் கழற்றி மாற்றியே ஆக வேண்டும். மற்றொன்று, யானைத்தந்தப் பிடி. தந்தத்தின் பன்னாட்டு வணிகம் 1990 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நாட்டுக்கு நாடு சட்டங்களும் கடுமையானவை. அதைத் தவிர்ப்பதே முறை. கொம்பு, மரம், பேக்கலைட் பிடிகள் போதுமானவை, அழகானவையும்கூட.

கத்தியை மூடும்போது அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து வாய் தகட்டில் உரசினால், எவ்வளவு தீட்டினாலும் ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் போகும். ஆணி தளர்ந்திருப்பது மட்டும் குறை என்றால், சிறு சுத்தியலால் ஆணித்தலையைச் சுற்றி மெல்லத் தட்டி இறுக்கலாம்.

சுத்தம் செய்தல்

கத்தி இன்னொருவர் முகத்தில் ஓடியது என்பதை மறக்கக்கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்த்திருக்கும் என்பதே இதற்குப் போதுமான காரணம். முதலில் வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்மையான பிரஷால் அழுக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் போகத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, பிறகு 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் அலகையும் கழுத்தையும் ஈரம் படத் துடைத்துத் தானாக உலர விடுங்கள். செல்லுலாய்டு பிடியில் ஆல்கஹால் படக்கூடாது, அதைக் கெடுத்துவிடும். கொதிநீரில் போடுவதும் பிளீச்சில் ஊறவைப்பதும் வேண்டாம்; முன்னது பிடியைக் கெடுக்கும், பின்னது எஃகை அரிக்கும். உங்கள் கத்தியை வேறு எவருக்கும் சவரத்துக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

செந்துருவைப் போக்க, உலோகம் துலக்கும் பசையைப் பருத்தித் துணியில் தொட்டுக் கையால் தேய்த்தால் பெரும்பாலும் போதும். போகாத இடத்துக்கு 1000க்கு மேற்பட்ட எண்ணுள்ள ஈர உப்புத்தாளைத் தக்கை ஒன்றில் சுற்றிப் பயன்படுத்தலாம். எப்போதும் முதுகிலிருந்து வாயை நோக்கி, வாயைத் தாண்டி வெளியே போகும்படி தேய்க்க வேண்டும். எதிர்த்திசையில் போனால் வெட்டுப்படுவது உங்கள் விரல். அலகில் பொன்முலாம் பூசிய எழுத்துகள் இருந்தால் அங்கே பசை படவிடாதீர்கள். இரண்டே தேய்ப்பில் நூறாண்டு அலங்காரம் துணியோடு வந்துவிடும். இயந்திரச் சக்கரத்தை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

கூர் ஏற்றுதல்

சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. அரிவாளையும் சமையல் கத்தியையும் சுழலும் சாணைச் சக்கரத்தில் பிடிப்பவரிடம் சவரக்கத்தியைக் கொடுத்தால், அவர் நல்லெண்ணத்தோடு செய்தாலும் கத்தி பாழாகும். இதற்குத் தட்டையான கல்லும், நீரும், பொறுமையும்தான் வேண்டும். முதல் கத்தியைத் தேர்ந்தவரிடம் தீட்டி வாங்குங்கள் என்று முன்பே சொன்னேன். அடுத்த கத்தியில் நீங்களே பழகலாம். அதற்கான முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000, 12000 என்று மேலும் மேலும் நயமான கற்களுக்கு ஏறுவது வழக்கமான வரிசை. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டி எடுக்கும் மஞ்சள் நிறக் காட்டிக்யூல் போன்ற இயற்கைக் கற்களை விரும்புகிறவர்கள் பலர். ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு எண் குறித்த செயற்கைக் கற்களே தெளிவானவை. எந்தக் கல்லானாலும் முதலில் அதன் முகம் சமதளமாக இருக்க வேண்டும். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, வைரத்தூள் பதித்த தட்டில் தேய்த்தால், பள்ளமான இடத்துக் கோடு மட்டும் அழியாமல் நிற்கும். அதுவும் அழியும்வரை தேய்க்க வேண்டும்.

முதுகு மேலும் தேயாமல் காக்க, மின்கம்பிகளில் சுற்றும் ஒட்டுநாடாவை ஒரே ஓர் அடுக்கு முதுகின்மேல் ஒட்டிக்கொள்ளலாம். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகும் வாயும் சேர்ந்து படிய, வாய் முன்செல்லும்படி தள்ள வேண்டும். அலகு கல்லின் அகலத்தைவிட நீளமாக இருப்பதால், குதியில் தொடங்கி நுனியில் முடியும்படி சற்றே குறுக்காக இழுத்தால் முழு வாயும் கல்லைத் தொடும். திருப்பும்போது வாயைக் கல்லிலிருந்து எடுத்து, முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள். அழுத்தம் என்பது கத்தியின் எடையும் ஒரு விரலின் எடையும் மட்டுமே.

முழு வேலையும் 1000 எண் கல்லில்தான் தீர்மானமாகிறது. இரண்டு சரிவுகளும் குதியிலிருந்து நுனிவரை சந்தித்தாக வேண்டும். மார்க்கர் பேனாவால் வாயின் ஓரம் முழுவதும் கருமை பூசி, நான்கைந்து தள்ளு தள்ளிப் பாருங்கள். கருமை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே கல் தொடவில்லை. கருமை எங்கும் போய், உருப்பெருக்கியில் வெள்ளைக் கோடு மறைந்து, கையில் உள்ள முடியைத் தோலை ஒட்டி நெடுகிலும் ஒரேபோல் வழிக்கத் தொடங்கும்வரை அடுத்த கல்லை எடுக்காதீர்கள். அடுத்தடுத்த கற்கள் முந்தைய கல்லின் கீறல்களைத் தேய்த்து மெருகேற்றுவதற்கு மட்டுமே. சந்திக்காத சரிவுகளை 12000 எண் கல்லால் சந்திக்க வைக்க முடியாது. பொறுமையிழந்து சீக்கிரம் மேலேறியதால் வீணான மாலைகள் என் கணக்கில் பல இருக்கின்றன.

தோல்வாரில் தீட்டுதல்

கல் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் தேவைப்படும். தோல்வார் ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் தேவை. முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது; ஆனாலும் அலகு மழுங்குகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அலகு முடியை அறுப்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, முடி வளைந்துகொடுக்கும் நிலையில், எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சில்லாகப் பெயர்வது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சேதம் நாள்தோறும் நடக்கிறது. தோல்வார் அந்த மெல்லிய விளிம்பை ஒழுங்குபடுத்தி நீவிவிடுகிறது.

வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தொய்யாமல் இழுத்துப் பிடியுங்கள். இங்கே கல்லுக்கு நேரெதிராக, முதுகு முன்செல்ல வேண்டும், வாய் பின்தொடர வேண்டும். மறந்து வாயை முன்னே தள்ளினால் தோல் அறுபடும். முனைக்கு வந்ததும் கத்தியை நிறுத்தி, முதுகு தோலைவிட்டு எழாமல், கழுத்தை விரல்களுக்கிடையில் உருட்டித் திருப்பி, பிறகு எதிர்த்திசையில் செல்லுங்கள். முடிதிருத்துநர்கள் மின்னல் வேகத்தில் செய்வதைப் பார்த்து அதேபோல் செய்யத் தோன்றும். வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. வேகம் பிற்பாடு தானாக வரும். முதலில் வாரோடு சேர்ந்திருக்கும் துணிப்பட்டையில் இருபது முறை, பிறகு தோலில் ஐம்பது முறை போய்வருவது போதும். தொடங்குகிறவர் எவரும் முதல் வாரை ஓரிரு இடத்தில் கீறாமல் இருப்பதில்லை; ஆகவே முதல் வார் எளிமையானதாக இருக்கட்டும். கூர் இல்லாத ஒரு சமையலறைக் கத்தியின் முதுகை வைத்துத் திருப்பும் அசைவை மட்டும் சில நாள் பழகிப் பார்ப்பதும் நல்லது.

சவரம்

முகத்தில் நுரைக்குமுன் நீர் வேண்டும். உலர்ந்த முடி முரட்டுக் கம்பி. நீரை உறிஞ்சிய முடி எளிதில் அறுபடும். குளித்து முடித்தவுடன் தொடங்குவது சிறந்தது. இல்லாவிட்டால் வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடமாவது முகத்தில் வைத்திருங்கள். சோப்பைப் பிரஷில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்த்து, தயிரைக் கடைந்ததுபோல் குமிழி தெரியாத கெட்டியான நுரையாக்கிப் பூசுங்கள். பெரிய குமிழிகள் தெரியும் நுரை உலர்ந்துவிடும், அலகு வழுக்காது.

விரல்கள் உலர்ந்திருக்க வேண்டும். பிடியை மேல்நோக்கித் திறந்து, கழுத்தின் மேல்பக்கத்தில் மூன்று விரல்களும், அடியில் கட்டைவிரலும், வாலின் வளைவில் சுண்டுவிரலும் அமரும்படி பிடியுங்கள். மறு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். இதைத்தான் புதியவர்கள் அரைகுறையாகச் செய்கிறார்கள். தொய்வான தோலில் அலகு முன்னே ஓர் அலையைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த அலையில்தான் வெட்டு விழும். கன்னத்துக்குக் காதின் முன்னிருந்து மேல்நோக்கி இழுங்கள். நுரை பட்டு விரல் வழுக்கினால், ஈரமான படிகாரக் கட்டியைத் தொட்டுக்கொண்டால் பிடிமானம் கிடைக்கும்.

அலகை முதலில் தோலில் தட்டையாக வைத்து, முதுகை மெல்ல உயர்த்தி, ஏறத்தாழ 30 பாகைக்குக் கொண்டுவாருங்கள். கோணம் மிகக் குறைந்தால் முடியை இழுக்கும். மிக அதிகமானால் தோலைச் சுரண்டும். பிறகு முடி வளரும் திசையில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு இழுப்புகளாக, அழுத்தம் சிறிதும் இல்லாமல் இறக்குங்கள். கத்தியின் எடையே போதும். வாய் எப்போதும் தனக்குக் குறுக்கான திசையில்தான் நகர வேண்டும். வாயின் நீளவாக்கில், ரம்பம்போல், ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வெட்டும். தோலில் வைக்கும் கணத்திலும் எடுக்கும் கணத்திலும்தான் இந்தத் தவறு நடக்கிறது.

முதல் நாள் இரு கன்னங்களையும் மட்டும் செய்து, மீதியை வழக்கமான ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அப்படியே போகட்டும். அடுத்த வாரம் கழுத்து. ஆனால் அங்கே முடி பல திசைகளில் சுழித்து வளரும், ஆகவே முந்தின நாள் விரலால் தடவி எந்தத் திசையில் சொரசொரப்பு இல்லை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மேலுதடும் மோவாயும் கடைசியில். மோவாயின் வளைவில் அலகின் ஓரங்கள் மேலெழ நடுவில் ஒரு புள்ளி மட்டுமே தொடுவதால், இழுப்பு ஒரு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. இடக்கன்னத்துக்கு இடக்கையால் பிடிப்பதா என்பது அவரவர் விருப்பம். நான் தொடக்கம் முதலே இரு கைகளையும் பழக்கினேன். இரண்டாம் மாதத்திலிருந்து அதன் பலன் தெரிந்தது. எதிர்த்திசையில் மழிப்பதை முதல் மாதத்தில் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

முடியை இழுக்கிறது என்று தோன்றியதும் நிறுத்துங்கள். முதலில் கோணத்தைச் சரிபாருங்கள், பிறகு தோலை இன்னும் இறுக்கிப் பாருங்கள், நுரை காய்ந்திருந்தால் மறுபடி பூசுங்கள். மூன்றும் சரியாக இருந்தும் இழுக்கிறது என்றால் கத்தி மழுங்கியிருக்கிறது. அன்றைய சவரத்தை வேறு ரேசரால் முடித்துவிட்டு, தோல்வாரையோ தீட்டுக்கல்லையோ நாடுங்கள். அழுத்தம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. என் தாடையில் இன்றும் இருக்கும் மெல்லிய தழும்பு அதற்குச் சாட்சி.

சிறு வெட்டுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த படிகாரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் குருதி நிற்கும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பழக்கத்தைத் தொடங்க வேண்டாம். மச்சமும் பருவும் உள்ள இடத்தைச் சுற்றிப் போங்கள். கத்தி கை நழுவினால் பிடிக்கப் பாயாதீர்கள். காலை நகர்த்திக்கொண்டு விழ விடுங்கள். அலகை அலசும்போது குழாயின் உலோகத்தில் ஒரு முறை இடித்தாலே வாயில் சில்லு பெயரும், எனவே கிண்ணத்து நீரில் அலசுவது நல்லது.

முடித்தபின் அலகைத் துணியிலோ மெல்லிய தாளிலோ முதுகிலிருந்து வாயை நோக்கித் துடையுங்கள். ஆணி இருக்கும் இடுக்கில் தேங்கும் ஈரமே அடுத்த துருவின் பிறப்பிடம். ஒரு தாள் துண்டை உள்ளே நுழைத்து அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். துணிப்பட்டையில் பத்து முறை இழுத்து, சிறிது நேரம் திறந்தபடியே காற்றில் வைத்து, பிறகு மடக்குங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம், குழந்தைகளின் கைக்கு எட்டவும் வேண்டாம். சில நாள் பயன்படுத்தாமல் வைப்பதாக இருந்தால், மினரல் எண்ணெய் ஒரு சொட்டை விரலால் அலகின் இரு பக்கமும் தடவி வைத்து, அடுத்தமுறை தோல்வாருக்குப் போகுமுன் துடைத்துவிடுங்கள்.